வலது மேல் மூலை

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஐயம்பேட்டை ரோட்டுக் காயலாங்கடைக் குடோனில் இருந்தவர்கள்:

தர்மன், கடைக்காரர், ஐம்பத்திரண்டு வயது, கையில் நூலில் கட்டித் தொங்கும் ஸ்பீக்கர் காந்தம். எஸ்தர், அவர் மனைவி, இடுப்பில் சாவிக்கொத்து. தேவகி, பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவுக்காரி, தார்க்குச்சியில் நூல் சுற்றும் மிஷினுக்கு ஒரு பழைய மிக்ஸி மோட்டார் தேடி வந்தவள். தினகரன், முப்பது வயது, வேலையில்லாதவன், தோள்பையில் ஒரு டிவி கேம் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி.

இவர்களைத் தவிர, பன்னிரண்டு குண்டு டிவிகள்.

வேலையில்லாதவன் என்பது சரியில்லை. வேலையை விட்டவன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு போன் கம்பெனியில் மூன்று வருடம் நைட் ஷிப்ட் பார்த்தான். சாயங்காலம் மூங்கில் மண்டபம் ஸ்டாப்பில் கம்பெனி பஸ் ஏறினால் மறுநாள் காலை எட்டு மணிக்கு அதே இடத்தில் இறக்கிவிடும். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடம் "தூக்கம்" என்றான். மேற்கொண்டு ஏதாவது சொல்வான் என்று அவர்கள் காத்திருந்தார்கள். மேற்கொண்டு ஒன்றும் இல்லை.

விட்டு நாலு மாதம் ஆயிற்று. மனைவி அபிநயா காந்தி ரோட்டில் ஒரு சேலைக் கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரிக்கிறாள். அவள் சண்டை போடுகிற ஆள் இல்லை, கெடு வைக்கிற ஆள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம். அது நடந்துச்சுன்னா நீ சொல்றத நான் கேக்கறேன். நடக்கலன்னா திங்கக்கெழம பஸ் ஏறு" என்று சொல்லிவிட்டாள். ஷிப்ட் சூப்பர்வைசர் கலைவாணனும் திங்கட்கிழமை வந்தால் பழைய லைனிலேயே நிறுத்திக்கொள்வதாகச் செய்தி அனுப்பியிருந்தான்.

அது என்று அபிநயா சொன்னது ஒரு ரிசப்ஷன். கல்யாண மண்டபங்களில் இப்போது 'நைன்டீஸ் கிட்ஸ் கார்னர்' என்று ஒன்று வைக்கிறார்கள். தேன்மிட்டாய், கம்மர்கட்டு, பம்பரம், பழைய டெலிபோன். மண்டப அலங்காரம் எடுத்துச் செய்கிற சுகாசினியிடம் போய், அந்த மூலையில் ஒரு டிவி கேம் வைக்கலாம், வாத்து சுடுகிற துப்பாக்கி கேம், மாப்பிள்ளையே மேடையை விட்டு இறங்கி வருவார் என்று தினகரன் சொன்னான். அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த இரண்டு மாதத்தில் அவள் கையில் பதினோரு மண்டபம் இருந்தது.

"ஸ்கிரீன் இருபத்தோரு இஞ்சுக்குக் கொறையக் கூடாது. கன் வேலை செய்யணும். சனிக்கெழம ஒரு மணிக்குள்ள வீடியோ அனுப்புங்க, நான் பாக்கணும். இல்லன்னா அந்த எடத்துல பஞ்சுமிட்டாய் மிஷின போட்டுடுவேன்" என்றாள்.

கேம் இருந்தது. துப்பாக்கி இருந்தது. டிவிதான் இல்லை. வீட்டில் சுவரில் தொங்கும் எல்இடி டிவியில் கேம் வரும், வாத்து பறக்கும், துப்பாக்கியால் மட்டும் ஒரு வாத்தையும் சுட முடியாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கியின் வாயில் ஒரு கண் இருக்கிறது. அந்தக் கண் அதே கணத்தில் வெள்ளையைப் பார்த்துவிட்டால் வாத்து விழும். புது டிவி படத்தை வாங்கி, திருத்தி, மெருகு போட்டு, பிறகுதான் காட்டும். அதற்குள் துப்பாக்கி கண்ணை மூடிவிடும். குண்டு டிவிக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. வந்ததை வந்தபடி காட்டும்.

"ஊரே இத்த தூக்கினு வந்து என் தலையில கட்டிக்கினு இருக்குது" என்றார் தர்மன். "நீ காசு குடுத்து வாங்கறேன்ற. நல்லாத்தானப்பா இருக்கற?"

"கேம் ஆடறதுக்குண்ணே."

"யாரு ஆடறது, பையனா?"

"நான்தான்."

தர்மன் மனைவியைப் பார்த்தார். எஸ்தர் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுக்கா."

"அப்ப அவங்க பாடு" என்றாள் எஸ்தர்.

தர்மன் காந்தத்தால் சுவரோரம் காட்டினார். "அந்தாண்ட அடுக்கினது ஏழு. அதுல கைய வெக்காத, எல்லாம் டியூப் போனது. இந்தாண்ட அஞ்சு. அது நான் கூரம் போயிருந்தப்ப இவ வாங்கிப் போட்டது. ஒண்ணுத்தையும் காந்தம் வெச்சிப் பாக்கல. ரெண்டு மணிக்கு வாலாஜாபாத்ல இருந்து வீராசாமி வண்டி வருது. பன்னெண்டு பீஸ்னு பேசி அட்வான்ஸ் வாங்கிட்டேன். கழுத்த ஒடைச்சி செம்பு உருவிடுவான். அதுக்குள்ள எதுனா தேறுதான்னு பாத்துக்க."

"காந்தம் வெச்சி நீ வாங்கின ஏழும் சுடுகாட்டுக்குப் போவுது" என்றாள் எஸ்தர். "வெக்காம நான் வாங்கினது நல்லாத்தான் உக்காந்துக்கினு இருக்குது. பேசறாரு பாரு."

அந்தக் காந்தம் தர்மனின் தொழில். பித்தளை என்று ஒருவன் கொண்டுவருவான், மேலே பூச்சு, உள்ளே இரும்பு. காந்தம் ஒட்டினால் குட்டு உடைந்துவிடும். டிவிக்கும் அதுதான் சோதனை. ஏழெட்டு வருடத்துக்கு முன் ஒருவன் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பெட்டிகளைத் துணி சுற்றிக் கொண்டுவந்து அவர் தலையில் கட்டிவிட்டான். அன்றிலிருந்து எந்த டிவி வந்தாலும் முதலில் கண்ணாடி மேல் காந்தத்தை வைப்பார். உள்ளேயிருந்து இழுத்தால் சரக்கு இருக்கிறது என்று பொருள். பிறகுதான் ஒயரைச் சொருகிப் பார்ப்பார்.

தினகரன் கேம் பெட்டியை வெளியே எடுத்து மஞ்சள் பின்னையும் வெள்ளைப் பின்னையும் துடைத்தான். குடோனில் இருந்தது ஒரே பிளக் பாயிண்ட். அதை டிவிக்கு விட்டு, கேம் பெட்டியைத் தன் பவர் பேங்கில் மாட்டினான்.

முதலாவது இருபத்தொன்பது இஞ்ச், தட்டைக் கண்ணாடி. தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. படம் கோலமாவு போட்டது போலத் தெளிவாக வந்தது.

"இத்தயே எடுத்துக்கயேன் தம்பி" என்றாள் தேவகி. மோட்டார் பார்க்க வந்தவள் மோட்டாரை மறந்து ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

தினகரன் துப்பாக்கியை நீட்டிச் சுட்டான். வாத்து பறந்து போயிற்று. திரையில் துப்பாக்கி வாய் படும்படி வைத்துச் சுட்டான். அப்போதும் பறந்தது.

"குறி பாத்து சுடுப்பா" என்றார் தர்மன்.

"குறியில தப்பு இல்லண்ணே. இது கடைசி காலத்துல வந்த மாடல். படத்த உள்ள வாங்கி வெச்சிக்கினு அப்பறம்தான் காட்டும்."

"பாக்க குண்டு டிவியாட்டந்தான இருக்குது?"

"பாக்கத்தான்."

இரண்டாவது அரசு கொடுத்த பதினாலு இஞ்ச். பின்பக்கத்து முத்திரைகூட அழியவில்லை. முதல் குண்டிலேயே வாத்து விழுந்தது. தேவகி கை தட்டினாள். தினகரன் அதைத் தனியாக எடுத்து வைத்தான். நல்ல டிவிதான். ஆனால் மண்டபத்தில் மாப்பிள்ளை அதன் முன் நின்றால், பின்னால் நிற்பவர்களுக்கு மாப்பிள்ளையின் முதுகுதான் தெரியும். சுகாசினி இருபத்தொன்று என்றால் இருபத்தொன்று.

மூன்றாவது எரியவே இல்லை.

நாலாவது இருபத்தோரு இஞ்ச், தட்டைக் கண்ணாடி, துப்பாக்கி வேலை செய்தது. தினகரன் கேட்ரிட்ஜை மாற்றி டாங்கி கேமைப் போட்டான். அதில் திரை முழுக்கச் செங்கல் சுவர் வரிசை வரிசையாக நிற்கும். கோணல் இருந்தால் அதில் தெரிந்துவிடும். போட்டுவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே விட்டான். பழைய டிவியைப் போட்டவுடன் பார்த்து முடிவு பண்ணக் கூடாது, சூடேறின பிறகு பார்க்க வேண்டும். ஸ்கூல் லீவுகளில் பழனி டிவி ரிப்பேர் கடையில் எடுபிடியாக உட்கார்ந்திருந்தபோது கற்றுக்கொண்டது. பழனி இப்போது அதே கடையில் மொபைல் கவர் விற்கிறார்.

ஆறாவது நிமிடம் தேவகி சொன்னாள்: "தம்பி, கரை இழுக்குது."

"எங்கக்கா?"

"ரெண்டு பக்கமும். மொதல்ல போட்டப்ப ஓரம் வரைக்கும் இருந்துச்சு. இப்ப உள்வாங்குது பாரு. நடுவுல இடுப்பு விழுந்துட்டிருக்குது."

அவனுக்கும் தெரிந்திருந்தது. தெரியாதது போல் இருந்துவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு முழச் சேலையில் ஒரு இழை விலகினால் கண்டுபிடிக்கிறவளின் கண் அது. அதனிடம் ஒன்றையும் மறைக்க முடியாது. ஆறு நிமிடத்துக்கு ஒரு விரல் சுருங்கினால் மூன்று மணி நேர ரிசப்ஷனில் படம் பாதியாகிவிடும்.

ஐந்தாவது மிச்சம். சாம்பல் நிறப் பெட்டி, வயிறு தள்ளிய திரை, இருபத்தோரு இஞ்ச். முன்பக்கம் ஒரு சின்ன மூடியைத் திறந்தால் மஞ்சளும் வெள்ளையும் ஓட்டைகள். படம் மெதுவாக, இருட்டிலிருந்து எழுந்து வந்தது. செங்கல் வரிசைகள் நேராக நின்றன. பத்து நிமிடம் போயிற்று.

"இது நிக்குது" என்றாள் தேவகி.

தினகரன் வாத்து கேமைப் போட்டு எட்டி நின்று சுட்டான். விழுந்தது. இன்னும் இரண்டு எட்டு பின்னால் போனான். விழுந்தது. எஸ்தர் துப்பாக்கியை வாங்கிச் சுட்டாள். அவளுக்கும் விழுந்தது. "ஐய, நல்லாத்தான் இருக்குது" என்று இன்னும் நாலு சுட்டாள்.

"ஆயிரத்தஞ்ஞூறு" என்றார் தர்மன்.

"அண்ணே, செம்புக்குப் போட்டா உங்களுக்கு எவ்ளோ தேறும்?"

"செம்புக்குப் போட்டா வாத்து விழாதே."

ஆயிரத்து இருநூறில் முடிந்தது. மணி பன்னிரண்டு இருபது. வீடியோ எடுத்து அனுப்பிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தால் வேலை முடிந்தது. தினகரன் பர்ஸை எடுக்கக் கையைப் பின்னால் கொண்டுபோனான்.

"இரு, இரு. இத்த நான் இன்னும் பாக்கவே இல்ல" என்று தர்மன் காந்தத்தைச் சுழற்றிக்கொண்டு வந்தார். "வர்ற பொருளும் சரி, போற பொருளும் சரி, காந்தம் பாக்காம நம்ம வாசல தாண்டாது."

"அண்ணே வேணாம்" என்று தினகரன் சொல்லி முடிப்பதற்குள் அது கண்ணாடியில் பட்டுவிட்டது. வலது கை மேல் மூலை. டிவி ஓடிக்கொண்டிருந்தது. நீல வானம் அந்த இடத்தில் சுருண்டு, பச்சை, ஊதா, மஞ்சள் என்று வளையம் வளையமாகத் திரிந்தது. தர்மன் சுட்டுக்கொண்டவர் போலக் கையை இழுத்தார். வளையங்கள் போய்விட்டன. ஆனால் கை அகலத்துக்கு, தோலில் வருவது போல, ஒரு ஊதாப் படையும் அதைச் சுற்றிப் பச்சை விளிம்பும் அங்கேயே நின்றன.

"சாயம் எறங்கிடுச்சே!" என்றாள் தேவகி.

தர்மன் குனிந்து பார்த்தார். துண்டால் துடைத்துப் பார்த்தார்.

"போச்சு. இதுவும் போச்சு" என்றார். "லேசா தொட்டதுக்கே போச்சுன்னா, இன்னிக்கி இல்லன்னா நாளைக்கிப் போயிருக்கும்பா. அந்த ஏழும் இப்படித்தான். டியூப் பலகீனமான டியூப்பு."

தினகரன் குனிந்து அந்த மூலையைப் பார்த்தான்.

டியூபுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடிக்கு உள்பக்கம் பல்லாயிரம் துளை போட்ட மெல்லிய இரும்புத் தகடு ஒன்று இருக்கிறது. பின்னாலிருந்து வருகிற கதிர் அந்தத் துளை வழியாகத்தான் தன் நிறத்தில் போய் விழும். தகட்டில் காந்தம் ஏறிவிட்டால் கதிர் பக்கத்து நிறத்தில் விழும். காந்தத்தை இறக்கிவிட்டால் பழையபடி ஆகிவிடும். பழனி கடையில் இது ஐந்து நிமிட வேலை.

இதை அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"சரிண்ணே. வேற வழி இல்ல. இத்தயே எடுத்துக்கறேன். எவ்ளோ?"

"கெட்டுப்போனத வெச்சி இன்னா பண்ணுவ?"

"வாத்து கீழதான பறக்குது. மூலையில யாரு பாக்கப் போறா."

தர்மனுக்கு மனது சங்கடமாக இருந்தது. "முன்னூறு குடு. அந்தச் செம்புக் காசுதான். மேல வேணாம்."

தினகரன் முன்னூறைக் கொடுத்தான். தர்மனின் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தான். பிறகு போனை எடுத்து, அந்த மூலை விழாதபடி பக்கத்தில் நின்று, துப்பாக்கியும் வாத்தும் மட்டும் தெரிய வீடியோ எடுத்து அனுப்பினான்.

ஒரு நிமிடத்தில் சுகாசினி வீடியோ காலில் வந்தாள்.

"என்னங்க, பாதி டிவிதான் தெரியுது. முழுசா காட்டுங்க."

காட்டினான்.

"மேல அது என்ன? பச்சையா?"

"லைட்டு ரிப்ளெக்‌ஷன் மேடம்."

"ரிப்ளெக்‌ஷனா? எனக்கு மண்டப லைட்டுதான் தொழிலு, என்கிட்டயே சொல்றீங்களா? படை வந்த மாதிரி இருக்குது. பொண்ணு வீட்டுக்காரங்க அது முன்னாடி நின்னு போட்டோ எடுக்க மாட்டாங்க? வேணாங்க, நான் பஞ்சுமிட்டாய்க்கு சொல்லிடறேன்."

"மேடம், மேடம். பத்து நிமிஷம் குடுங்க. சரி பண்ணிடறேன். அது போயிடும்."

"ஒரு மணி வரைக்கும் பாப்பேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். மூன்று பேரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போயிடுமா?" என்றார் தர்மன்.

தினகரன் போனில் நேரம் பார்த்தான். மணி பன்னிரண்டு நாற்பது. எரியாத அந்த மூன்றாவது டிவியின் முதுகைக் கழற்றினான். டியூபைச் சுற்றி மாலை போல ஒரு கறுப்புக் காயில் ஓடியது. எல்லாக் குண்டு டிவியிலும் இருப்பதுதான். டிவியைப் போட்டதும் சின்னச் சின்னக் காந்தத்தை அதுவே இறக்கிக்கொள்ளும். ஸ்பீக்கர் காந்தம் ஏற்றியதை அதால் இறக்க முடியாது. அதை அப்படியே உருவி இரண்டு சுற்றாக மடித்து டேப் ஒட்டினான். கரண்டை நேராகக் கொடுத்தால் எரிந்துவிடும். நடுவில் கரண்டைக் குறைத்துத் தாங்க ஒன்று வேண்டும். குவியலில் ஒரு பழைய இஸ்திரிப் பெட்டி கிடந்தது. அதன் ஒயரில் ஒரு இழையை வெட்டி, அந்த வெட்டின் நடுவில் காயிலைத் தொடுத்தான். பிளக் பாயிண்ட் ஒன்றுதான் என்பதால் டிவியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகினான்.

"அக்கா, நான் சொன்னதும் சுவிட்சப் போடுங்க. மறுபடி சொன்னதும் அணைங்க. முன்னாடி அணைச்சிடாதீங்க."

எஸ்தர் சுவிட்சைப் போட்டாள். காயில் அவன் கையில் வண்டு போல முணுமுணுத்தது. கண்ணாடிக்கு எதிரே பிடித்து வட்டமாகச் சுற்றினான். முதலில் மூலையில், பிறகு திரை முழுக்க. சுற்றிக்கொண்டே பின்னால் நடந்தான். ஒரு எட்டு, இரண்டு எட்டு, மூன்று.

"டிவிக்கு திருஷ்டி சுத்தறாருப்பா" என்றாள் தேவகி. "கண்ணு பட்டதுதான். என் கண்ணுதான் பட்டிருக்கும்."

"எங்க வீட்ல இதெல்லாம் செய்யறதில்ல" என்றாள் எஸ்தர், சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல். "பாஸ்டருக்குத் தெரிஞ்சா என்ன கேப்பாரு."

"பூசணிக்கா மொளகா எல்லாம் வேணாமா தம்பி?"

"அணைங்க" என்றான் தினகரன்.

டிவியின் ஒயரைச் சொருகினான். திரை மெதுவாக வெளுத்தது. ஊதாப் படை கால்வாசியாகியிருந்தது. காயில் சூடு. ஐந்து நிமிடம் ஆறவிட்டு இன்னொரு முறை சுற்றினான். இந்தத் தடவை டிவியைப் போட்டபோது வானம் மூலைவரை ஒரே நீலம்.

முழு டிவியும் தெரியும்படி வீடியோ எடுத்தான். எஸ்தர் சுட்டாள், வாத்து விழுந்தது. பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினான். சுகாசினி, 'ஓகே. நாளைக்கு நாலு மணிக்கு மண்டபத்துல இருங்க' என்று எழுதினாள்.

அவன் உட்கார்ந்தான். உட்கார இடம் பார்க்கவில்லை, தரையிலேயே உட்கார்ந்தான்.

"டேய்" என்றார் தர்மன். இதுவரை வாப்பா, போப்பா என்று பேசியவர். "தெரிஞ்சிக்கினேதான் முன்னூறு குடுத்தியா?"

"ஆமாண்ணே."

"ஆமாவா! மூஞ்சிக்கு நேரா ஆமான்றான் பாரு! பாவம்னு நான் கொறைச்சிக் குடுத்தேன். வாத்து கீழதான பறக்குதாம். எட்ரா தொள்ளாயிரத்த. இல்ல, டிவிய வெச்சிட்டுப் போ."

தினகரன் பர்ஸைத் திறந்து காட்டினான். ஆட்டோவுக்கு வைத்திருந்ததும் அந்தத் தொள்ளாயிரமும் இருந்தது. ஆயிரத்து இருநூறுக்கு ஒப்புக்கொண்டபோது இருந்ததில் முன்னூறு போக மிச்சம். கொடுக்கத் தயாராக இருந்தான்.

"இருப்பா" என்றாள் தேவகி. அவள் எழுந்து சுவரோரம் அடுக்கியிருந்த ஏழு டிவிகளுக்கு முன்னால் போய் நின்றிருந்தாள். "இதுங்க டியூப் போனதுன்னு சொன்னாரே, போனா எப்படி இருக்கும்? ஒண்ணப் போட்டுக் காட்டு."

போட்டார்கள். வலது கை மேல் மூலையில் ஊதாப் படை.

"இன்னொண்ணு."

இரண்டாவதிலும் படை. வலது கை மேல் மூலை. மூன்றாவது. நாலாவது. தர்மன் கோபத்தில் தானே தூக்கித் தானே சொருகினார். ஒவ்வொன்றும் எரிய எரிய அவர் கை மெதுவானது.

"எங்க வீட்ல சேலைக்கு சேலை ஒரே எடத்துல பிசகு விழுந்தா நாங்க நூல மாத்த மாட்டோம்" என்றாள் தேவகி. "யாரு தறியில உக்காந்ததுன்னு பாப்போம்."

எஸ்தர் டிவிகளைப் பார்த்தாள். தர்மனைப் பார்த்தாள். அவர் வலது கையைப் பார்த்தாள். அதில் காந்தம் தொங்கிக்கொண்டிருந்தது.

"யோவ்."

"சும்மா இரு."

"நான் வாங்கினதுல ஒண்ணுலயும் கறை இல்ல. நீ வாங்கின ஏழுலயும் இருக்குது. இத்தினி வருசமா நீயே கறை வெச்சி, நீயே கெட்டுப்போச்சின்னு சொல்லி, நீயே ஒடைக்கப் போட்டிருக்கற."

தர்மன் கீழே பார்த்து விரலை மடக்கினார். வருடத்துக்கு எத்தனை டிவி, எத்தனை வருடம் என்று மடக்குகிறார் என்பது தெரிந்தது. பாதியில் விட்டுவிட்டார்.

"அந்தத் தென்னேரி வாத்தியார் வீட்டு டிவி" என்றார், யாரிடமும் இல்லாமல். "புதுசு மாதிரி இருந்துச்சு. அத்தயும் ஒடைச்சேன்."

"ஒடைப்ப" என்றாள் எஸ்தர்.

காந்தத்தை அவர் ஆணியில் மாட்டப் போனார். மாட்டவில்லை. மேல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எஸ்தர் தினகரன் பக்கம் திரும்பினாள். அவளுக்கு அதிர்ச்சி முடிந்துவிட்டிருந்தது. "இந்தாப்பா. நீ யோக்கியன்னு நான் சொல்லல. கூட நின்னுக்கினே அவர ஏமாத்தின. தொள்ளாயிரம் வேணாம். இந்த ஏழுக்கும் அந்த திருஷ்டிய சுத்திட்டு உன் டிவிய எடுத்துக்கினு போ. சரி ஆச்சுன்னா கேம் ஆடறவனுங்க உன்னாட்டம் இன்னும் நாலு பேரு இருப்பானுங்க இல்ல?"

"இருக்காங்கக்கா. சென்னையில நெறைய பேரு."

"இன்னா வெல குடுப்பானுங்க?"

அவன் சொன்னான். தர்மன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஒரு டிவிக்கு இரண்டு சுற்று. இரண்டுக்கும் நடுவில் காயில் ஆற வேண்டும். முதலாவது சரியானது. இரண்டாவதும் சரியானது. மூன்றாவது நாலு சுற்றுக்கும் அசையவில்லை. தர்மன் அதில் காந்தத்தை அழுத்தி வைத்து உள்தகடே நெளிந்திருக்க வேண்டும். தினகரன் அதை எரியாத டிவி பக்கம் தள்ளி வைத்தான். தேவகி தன் மிக்ஸி மோட்டாரைக் கண்டுபிடித்து, பேரம் பேசி, கைப்பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். போகும்போது, "கரை இழுக்குதுன்னு சொன்னேனே, அத்த யாருக்கும் வித்துடாத தம்பி" என்றாள்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரோட்டில் லாரி ஆரன் கேட்டது. வெகு தூரத்தில்தான். ஆனால் தர்மனுக்கு அந்த ஆரன் தெரியும்.

"வீராசாமி" என்றார். "பன்னெண்டு பீஸ் சொன்னேன். வந்தான்னா எண்ணி ஏத்திடுவான். இல்லன்னு சொன்னா குடோன பாக்கணும்பான்."

"எரியாததும், நெளிஞ்சதும், அந்தப் பெரிசும், கரை இழுக்கறதும். நாலு போனா போவுது" என்றாள் எஸ்தர். "அட்வான்ஸுல மிச்சத்த திருப்பிக் குடு. இன்னிக்கி இல்ல, நாளைக்கி வரச் சொல்லு. சாவி காணோம்னு சொல்லு."

"உள்ள இவன் இருக்கானே."

"அதுக்குத்தான் சொல்றேன். நீ போய் டீக்கடையில நின்னு அவன மடக்கு. நான் வெளிய பூட்டிட்டு வரேன், அவன் போனதும் தொறந்துக்கலாம்."

தர்மன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

தினகரனின் போன் அதிர்ந்தது. கலைவாணன். 'திங்கள் வரியா இல்லியா? சாயங்காலம் லிஸ்ட் குடுக்கணும்.' காயில் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு விரலால் 'வரல' என்று அடித்து அனுப்பினான். அனுப்பிவிட்டு அபிநயாவுக்கு, டிவி கிடைத்த வீடியோவை அனுப்பினான். அவள் கடையில் இருப்பாள், ராத்திரிதான் பார்ப்பாள்.

"இன்னும் எத்தினி?" என்று கேட்டாள் எஸ்தர் வாசலில் நின்று.

"நாலு."

"தண்ணி அந்தக் கேன்ல இருக்குது. சத்தம் வெளிய வராம பண்ணு. அந்த வாத்து சத்தத்த மொதல்ல அணை."

அவன் அணைத்தான். ஆரன் இந்த முறை பக்கத்தில் கேட்டது.

எஸ்தர் தகரக் கதவின் இரண்டு பாதியையும் வெளியிலிருந்து இழுத்துச் சேர்த்தாள். உள்ளே நாலாவது டிவியின் வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது, அதன் வலது மேல் மூலையில் ஊதாப் படையோடு. சாவிக்கொத்து குலுங்கியது. சங்கிலி ஓட்டையில் நுழைந்தது. பூட்டு ஒருமுறை சிக்கி, மறுமுறை அழுத்தியதில் விழுந்தது.